பூட்டு எதற்கு? சாவி யாரிடம்?



திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அலுமினிய யன்னல், கதவு செய்து கொடுப்பது என் தொழில். முன்பு நாடாவால் அளந்து, கொப்பித் தாளில் கீறி வெட்டினோம். இப்போது இரண்டு தம்பிமார் கணினியில், ஓட்டோகேட் மென்பொருளில் வரைபடம் கீறுகிறார்கள். நான் பாடசாலைப் படிப்போடு நின்றவன். ஆனாலும் இந்தக் கணினி எனக்கு ஒரு பாடம் படிப்பித்தது. அதற்குக் கட்டணமும் கட்டினேன்.

எங்கள் வரைபடங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கோப்பிலிருந்துதான் தொடங்கும். எழுத்தின் பருமன், கோட்டின் தடிப்பு, அளவு காட்டும் முறை எல்லாம் அதில் உண்டு. ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்காக, அளவுகளைக் கிட்டிய 25 மில்லிமீற்றருக்குச் சரிசெய்து காட்டும்படி தம்பி மாற்றினார். மாற்றியதை அந்த மாதிரிக் கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டார்.

அடுத்த ஓடர் கிண்ணியாவில் ஒரு வீடு. 1187 மில்லிமீற்றர் யன்னலை வரைபடம் 1175 என்று காட்டியது. பட்டறையில் அதைப் பார்த்தே வெட்டினார்கள். ஒரே அளவான 9 யன்னல்கள், ஒவ்வொன்றிலும் 12 மில்லிமீற்றர் குறைவு. வெட்டிய கண்ணாடி வளருமா? நட்டம் என் தலையில்.

கோபத்தில் எல்லாவற்றையும் பூட்டச் சொன்னேன். கடவுச்சொல் என் சட்டைப்பையில். நடந்தது என்ன? நுளம்பு வலை அடிக்க ஒரு புதிய கோட்டு அடுக்கு வேண்டுமென்றாலும் என்னைத் தேட வேண்டும். நான் கொழும்பில் நின்றால் வேலை நிற்கும். இரண்டு கிழமைக்குள் தம்பிமார் மாதிரிக் கோப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்து, அதில் வேலை செய்யத் தொடங்கிவிட்டார்கள். கடைக்கு ஒரு முறை, பென்டிரைவுக்கு ஒரு முறை!

விசாரித்தபோது தம்பி சொன்னது இன்னும் சுட்டது: "முதலாளி, அந்த ஆளுக்கு ரவுண்டாக் காட்டு, அவசரம் என்று நீங்கதானே சொன்னீங்க?" உண்மை. ஒழுங்கை முதலில் உடைத்தது நான்தான்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. எயார்பஸ் ஏ380 விமானத்தை வடிவமைக்க, ஜேர்மனியில் கேட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பையும் பிரான்ஸில் 5ஆம் பதிப்பையும் பாவித்தார்கள். ஹம்பர்க்கிலிருந்து வந்த மின்கம்பிக் கட்டுகள் துலூஸில் பொருந்தவில்லை; நீளம் போதவில்லை. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய்க் கம்பனியின் பங்கு விலை ஒரே நாளில் 26 வீதம் விழுந்தது. முதல் விமானம் கைமாறியது 2007 ஒக்டோபரில்தான். அங்கே குறைந்தது பூட்டு அல்ல, பொதுவான ஒழுங்கு. ஆகவே முதலில் எல்லோரும் கூடி ஒழுங்கைத் தீர்மானிக்க வேண்டும்; அதன் பிறகுதான் பூட்டு.

இப்போது எங்கள் கடையில் மாதிரிக் கோப்புள்ள இடத்தைத் தம்பிமார் திறந்து வாசிக்கலாம், மாற்றி எழுத முடியாது. தங்கள் வரைபடத்துக்குள் வேண்டியதைச் செய்யலாம். ஒழுங்கிலிருந்து விலகினால் காட்டித் தரும் வசதி மென்பொருளிலேயே உண்டு. அது தடுக்காது, எச்சரிக்கும். அதுவே போதும். மாதிரிக் கோப்பை மாற்றும் உரிமை மூத்த தம்பிக்கும் கணக்குப்பிள்ளைக்கும். யார், ஏன், எப்போது மாற்றினார் என்று ஒரு கொப்பியில் பதிய வேண்டும். வெட்டுவதற்கு முன் நேரில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு இன்னொருவர் கையெழுத்திட வேண்டும்.

முதலாளியின் கணினியில்? எனக்கும் அந்த உரிமை இல்லை. சிரிக்க வேண்டாம். அவசரமும் முகத்தாட்சண்ணியமும் அதிகம் உள்ளவன் முதலாளிதான்.

யன்னல் வேலை செய்யாதவர்களும் யோசியுங்கள். உங்கள் கடையில் பில் போடும் கணினியில் விலையை மாற்ற யாருக்கு உரிமை? அச்சகத்தில் வாடிக்கையாளரின் சின்னத்தின் நிறத்தை யார் மாற்றலாம்? எல்லோருக்கும் என்றால் கடைக்கு ஒழுங்கில்லை. ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் இல்லாத நாளில் கடையே இல்லை.

பூட்டு வேலையாளைச் சந்தேகிப்பதற்கல்ல. வாடிக்கையாளர் நம்மை நம்பித் தந்த அளவு ஓர் அமானிதம். அதைக் காப்பதற்குத்தான் பூட்டு. அந்தப் பூட்டு முதலாளியின் கையையும் சேர்த்துக் கட்டட்டும்.