கதிரவன் முகத்தில் ஓர் அலை

குளத்தில் கல் விழுந்ததை நாம் காணாவிட்டாலும், வட்டமிட்டுப் பரவும் அலையைக் கொண்டு அது விழுந்த இடத்தை அறியலாம். கதிரவனிடத்தும் இத்தகைய அலைகள் எழுகின்றன.

கதிரவனின் காந்தப் புலம் முறுகிச் சிக்குண்டு, திடீரெனத் தளரும்போது பெருவெடிப்பு நிகழ்கிறது. அவ்வேளையில் ஓர் அலை விநாடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் பரவுவதை 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மோர்ட்டன் எடுத்துக்காட்டினார். சென்னையிலிருந்து புனேக்கு நாம் இரவும் பகலுமாக ரயிலில் கடக்கும் தொலைவு அதற்கு ஒரு விநாடிப் பயணமே!

ஆயின், அலை தென்பட்ட கீழடுக்கில் அத்துணை வேகம் இயலாதே? 1968-இல் ஜப்பானிய அறிஞர் உச்சிடா இதற்கு விடை பகர்ந்தார். அலை உண்மையில் விரைவது மேலேயுள்ள ஒளிமகுடத்தில். நடப்பவரின் புடவை விளிம்பு தரைத்தூசியைக் கலைப்பதுபோல, அதன் அடிவிளிம்பு கீழடுக்கை அழுத்திச் செல்கிறது என்றார். 1995-இல் ஏவப்பெற்ற சோஹோ விண்கலம் ஒளிமகுடத்தில் பரவும் அலைகளையே படம்பிடித்துத் தந்தது.

இவற்றால் நமக்கென்ன? அலை பூமியை எட்டுவதில்லை. ஆனால் அதனுடன் வீசியெறியப்படும் மின்துகள் மேகம் ஓரிரு நாட்களில் வந்து சேரக்கூடும். நம்மை நோக்கிய முகத்தில் அலை பரவுமாயின், மேகமும் இப்பக்கம் வரலாம் என்பதற்கு அது முன்னறிகுறி. செயற்கைக்கோள்களையும், விமானங்களின் வானொலித் தொடர்பையும், மின்வழிகளையும் காக்க அந்த அவகாசம் பெரிதும் உதவும். 2024 மே மாதப் பெரும்புயலின்போது லடாக்கின் ஹன்லேயிலும் வானம் செந்நிறம் பூண்டது. அலையின் வேகமோ, கண்ணுக்குப் புலனாகாத காந்தப் புலத்தின் வலிமையைக் கணிக்கவும் துணைபுரிகிறது.

1901 முதல் கதிரவனை நோக்கிவரும் கொடைக்கானல் நிலையத்தை நாம் அறிவோம். 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பெற்ற ஆதித்யா-எல்1 விண்கலம், 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அப்பணியைத் தொடர்கிறது. அதன் திட்ட இயக்குநராக விளங்கியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அம்மையார். கதிரவனைப் புறஊதா ஒளியில் படமெடுக்கும் அதன் தொலைநோக்கி, நம் ஹடப்சரிலிருந்து நகரைக் கடந்தால் வரும் கணேஷ்கிண்ட் வானியல் மையத்தின் முன்முயற்சியால் உருவானது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி அம்மையம் பொதுமக்களை வரவேற்பது வழக்கம். நேயர்கள் தம் மக்களை அழைத்துச் செல்வார்களாக. பிறந்த மண்ணின் அறிவும் பிழைக்க வந்த மண்ணின் கைத்திறனும் ஒரே கலத்தில் கதிரவனை நோக்குவதை அவர்கள் அறியட்டும்.