அலமாரிக்குள் போன பெட்டியும் வீட்டுப் பெரியவர்களும்

தில்லியில் இப்போது புது வீடு வாங்குகிறவர்களும் பழைய வீட்டைச் செப்பனிடுகிறவர்களும் தவறாமல் ஒரு காரியம் செய்கிறார்கள். கூடத்துச் சுவரில் பெரிய தொலைக்காட்சியை மாட்டிவிட்டு, அதைச் சார்ந்த மற்ற சாமான்களையெல்லாம் மறைத்துவிடுகிறார்கள். செட்டாப் பெட்டி, ஆம்பிளிபயர், பிள்ளைகளின் வீடியோ கேம் பெட்டி எல்லாம் கீழே மரக் கதவு போட்ட அலமாரிக்குள் போய்விடுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒயர்கள் தோரணம் கட்டித் தொங்கிய காலத்தை நினைத்து ஏங்குகிறவன் அல்ல நான். ஆனால் இந்த அழகுக்கு விலை கொடுப்பது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பகல் முழுவதும் வீட்டில் இருக்கிற பெரியவர்கள்தாம். அதைப் பற்றித்தான் அன்பர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நம்மிடம் உள்ள ரிமோட்டுகளில் பல இன்னும் அகச்சிவப்புக் கதிரால் இயங்குகின்றன. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியை வைத்துக் கண்டுபிடித்த அதே கண்ணுக்குத் தெரியாத ஒளிதான். ரிமோட்டின் முனையில் உள்ள சிறு விளக்கு விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடித்து, அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பி, எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று சொல்கிறது. வெயிலிலும் விளக்கிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால்தான் இந்தத் துடிப்பு. இல்லாவிட்டால் பெட்டிக்கு எது ரிமோட், எது ஜன்னல் வெயில் என்று தெரியாது. ஒளியாகையால் சுவரில் பட்டுத் திரும்பும், மரத்தை ஊடுருவாது.

அது குறையாக இல்லாமல் குணமாக இருந்த காலம் உண்டு. 1956இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் ராபர்ட் அட்லர் செய்த ரிமோட், காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கியது. உள்ளே அலுமினியக் கம்பிகளைச் சிறு சுத்தியல் தட்டும், பாட்டரியே கிடையாது. வானொலி அலையாக இருந்தால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் சேர்ந்து மாறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் சாவிக்கொத்து குலுங்கினாலும் சானல் மாறிய கதைகள் உண்டு. பிறகு வந்த அகச்சிவப்பு அந்தத் தொல்லையை ஒழித்தது. அறைக்குள் பிறந்து அறைக்குள்ளேயே முடிந்துவிடும். நம் அடுக்குமாடிகளுக்கு அதைவிடப் பொருத்தமானது எது? ஆனால் பெட்டியை அலமாரிக்குள் வைத்த அன்றைக்கு, கதவே அதற்குச் சுவராகிவிட்டது.

இதில் நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. 2012 அக்டோபர் இறுதிவரை தில்லியில் கேபிள் ஒயரை நேரே தொலைக்காட்சியில் செருகிப் பார்க்க முடிந்தது. ஒரே ரிமோட். அனலாக் கேபிள் நின்று, டிஜிட்டல் முறை கட்டாயமானதும் வீட்டுக்கு ஒரு பெட்டியும் இரண்டாவது ரிமோட்டும் வந்து சேர்ந்தன. தமிழ்ச் சானல்கள் நமக்கு அந்தப் பெட்டி வழியாகவோ டிஷ் வழியாகவோதான் வருகின்றன. பிள்ளைகள் இணையத்தில் படம் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பெட்டி எங்கே இருந்தாலும் கவலையில்லை. தமிழ்ச் செய்திக்கும் காலை பக்திப் பாடலுக்கும் மத்தியானத் தொடருக்கும் காத்திருக்கிற தாத்தா பாட்டிக்கு அந்தப் பெட்டிதான் ஊர்.

மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகனோடு வந்து தங்கிவிட்ட அம்மாள் ஒருவர் இருக்கிறார். இந்தி பழகவில்லை. பத்து மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் மாலை ஆறு வரை தனிமை. அலமாரிக் கதவுக்குக் கைப்பிடி கிடையாது. அழுத்தினால் திறக்கிற நாகரிகக் கதவு, அதுவும் முழங்கால் உயரத்துக்குக் கீழே. மூட்டு வலியோடு குனிந்து அதைத் திறந்துவைத்தால்தான் சானல் மாறும். திறந்தபடியே விட்டால் மாலையில் மருமகள் சாத்திவிடுவார். ஒருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. சில நாட்களில் அந்த அம்மாள் தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டுவிட்டார். “கண் வலிக்கிறது” என்று காரணம் சொல்கிறார். இந்த மாதிரிக் கண்வலிகள் நம் வீடுகளில் எத்தனை இருக்குமோ!

வழி இல்லாமல் இல்லை. மிக எளியது, மரக் கதவுக்குப் பதில் கறுப்புச் சாயல் கண்ணாடி. உள்ளே இருப்பது நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அகச்சிவப்பு பெரும்பாலும் தாராளமாகப் போகும். செட்டாப் பெட்டியின் முகப்பில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கும் அப்படிப்பட்டதுதானே. மெல்லிய துணி, ஜாலி வைத்த கதவும் உதவும்.

அடுத்தது, ரிபீட்டர் என்கிற சிறு கருவி. செங்கோட்டை எதிரில் லாஜ்பத் ராய் மார்க்கெட் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம், பெரிய செலவில்லை. ஒரு கண் தொலைக்காட்சியின் அடியில் ஒட்டப்படும். அது ரிமோட்டின் ஒளியை வாங்கி, ஒயர் வழியே அலமாரிக்குள் அனுப்பும். அங்கே பெட்டியின் கண்ணுக்கு நேரே ஒட்டிய சிறு விளக்கு அதையே திரும்பச் சொல்லும். அந்த விளக்கின் ஒளி வெளியே கசிந்து மேலே உள்ள கண்ணில் பட்டுவிட்டால், தன் பேச்சைத் தானே கேட்டு உளற ஆரம்பிக்கும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் அடங்கிவிடும்.

மூன்றாவது, தொலைக்காட்சியையே தூதனாக்குவது. சோனி, சாம்சங் போன்றவர்கள் தங்கள் சில மாடல்களோடு இதற்கான அகச்சிவப்பு ஒயரைக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் செட்டாப் பெட்டி எந்தக் கம்பெனி என்று மெனுவில் சொல்லிவிட்டால், தொலைக்காட்சியின் ரிமோட்டில் அழுத்துவதைத் தொலைக்காட்சி வாங்கி, பெட்டியின் மொழியில் மாற்றி, ஒயர் முனை விளக்கு வழியே சொல்லும். ஒரே ரிமோட் போதும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இது ஒருவழிப் பேச்சு. பெட்டி கேட்டதா இல்லையா என்று தொலைக்காட்சிக்குத் தெரியாது. பல பெட்டிகளில் இயக்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான், ஒரே குறி. கோடையில் மின்சாரம் போய் வந்ததும் பெட்டி தானே விழித்துக்கொள்ளும், தொலைக்காட்சி தூங்கிக்கொண்டிருக்கும். பிறகு பொத்தானை அழுத்தினால் இது எழும், அது படுக்கும். மாலையில் மகன் வந்து அலமாரியைத் திறக்கும் வரை இந்தக் கண்ணாமூச்சிதான். ‘இயங்கு’ என்பதற்கு ஒரு குறி, ‘நில்’ என்பதற்கு வேறு குறி என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. சில கருவிகளில் அப்படி உண்டு. எல்லாவற்றிலும் ஏன் வைக்கக் கூடாது? இதற்குக் கூடுதலாக ஒரு பைசா உதிரிபாகம் வேண்டாம், நினைப்புத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நேர்த்தியான வழி ஏற்கெனவே ஒயருக்குள்ளேயே இருக்கிறது. 2002இல் வந்த எச்.டி.எம்.ஐ. ஒயரில் 13ஆம் ஊசி, கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்றே வைக்கப்பட்டது. சி.இ.சி. என்று பெயர். சாம்சங் அதை அனிநெட் பிளஸ் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது, எல்.ஜி. சிம்ப்லிங்க் என்கிறது, ஒரே பிள்ளைக்கு வீட்டுக்கு வீடு ஒரு செல்லப் பெயர். இதில் பேச்சு இருவழி. தொலைக்காட்சி எழுந்தால் பெட்டியும் எழும், அதன் நிலை என்ன என்றும் தெரியும், கதவு மரமா இரும்பா என்ற கேள்வியே எழாது. ஆனால் கருவி செய்பவர் இதைச் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர் இஷ்டம். விலை மலிவான செட்டாப் பெட்டிகள் பல இந்தப் பேச்சுக்குக் காது கொடுப்பதில்லை. கட்டாயத்தின் பேரில் வீட்டுக்குள் வந்த பெட்டி, குறைந்தபட்சம் வீட்டில் இருக்கும் மற்றவர்களோடு பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டாமா? இதை விதியாகவே வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

போனே இப்போது ரிமோட், எதற்கு இந்தப் பழைய புராணம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த ரிமோட் காலையில் அவர்கள் சட்டைப்பையில் ஏறி அலுவலகம் போய்விடுகிறதே! 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, டிஷ் வாங்கியை உள்ளடக்கிய தொலைக்காட்சிக்கென ஒரு தரம் வெளியிட்டது. அது பரவினால் பெட்டியே வேண்டாம் என்பார்கள். பரவட்டும். இன்று சுவரில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சியைப் பத்து வருஷம் வைத்திருக்கப்போகிற குடும்பங்களுக்கு அது பதில் ஆகாது.

ஆகவே, மிஸ்திரியைக் கூப்பிடும் முன் வீட்டுப் பெரியவரை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்து, ரிமோட்டைக் கையில் கொடுத்து, அங்கிருந்தே எல்லாம் இயங்குகிறதா என்று பாருங்கள். ரிமோட்டே பழுதா என்ற சந்தேகம் வந்தால் போனின் முன்பக்கக் காமிராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். அநேகமாக ஊதா வெளிச்சம் துடிப்பது திரையில் தெரியும். அலமாரியின் பின்பலகையில் காற்றுக்கு வழி விடச் சொல்லுங்கள். மூடிய பெட்டிக்குள் சூடு ஏறினால் கருவி சீக்கிரம் கெடும். ஒயருக்கான ஓட்டையை எச்.டி.எம்.ஐ. ஒயரின் தலை நுழைகிற அளவுக்கு இப்போதே போடச் சொல்லுங்கள். பாலிஷ் ஆன பிறகு கேட்டால் எந்த மிஸ்திரியும் துளைக்கருவியை மறுபடி எடுக்க மாட்டார்.