கடையாணியைப் பார்த்தவர்கள் நட்டை மறக்கலாமா?

மாட்டு வண்டிக் காலத்தில், மாட்டை நுகத்தில் பூட்டும் முன் வண்டிக்காரர் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வார். அச்சில் மை இருக்கிறதா என்று பார்ப்பார். கடையாணி இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்ப்பார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று மாட்டு வண்டியின் இடத்தை டிராக்டரும் டிரெய்லரும் பிடித்துக்கொண்டன. ஆனால் கடையாணியைத் தொட்டுப் பார்த்த பழக்கம் சக்கர நட்டுக்கு வந்து சேரவில்லை.

இது எல்லா ஊர்களிலும் உள்ள குறைதான். எனினும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் இனியும் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் கார் தொழிற்சாலையும், 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. கன்டெய்னர் லாரிகளும், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களும், ஷிப்டு முடிந்து திரும்பும் மோட்டார் சைக்கிள்களும் இரவு பகலாக ஓடும் சாலைகள் இவை. ஏரிப் பாசனத்தில் இன்னும் நெல் பயிரிடும் விவசாயிக்கோ, வயல் சாலைக்கு ஒரு புறம், களம் மறுபுறம் என்றாகிவிட்டது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர் இந்தச் சாலைகளில் ஏறித்தான் ஆகவேண்டும்.

வண்டிப் பாதையில் சக்கரம் கழன்றால் மூட்டைகள் சரியும். அரை நாள் வேலை கெடும். நெடுஞ்சாலையில் கழன்ற சக்கரம் அப்படி நிற்பதில்லை. அது உருண்டு எதிரே வருபவர் மீது பாயும். அந்த நட்டைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு தொழிலாளியின் உயிர் அதில் போய்விடக்கூடும்.

நட்டு ஏன் தளர்கிறது?

சக்கரத்தை போல்ட்டுகள் தாங்கி நிற்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நட்டை முறுக்கும்போது போல்ட் நூலளவு நீண்டு, சக்கரத் தட்டை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் பாரத்தைத் தாங்குகிறது. தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே சேறோ, துருவோ, தடித்த பெயின்டோ இருந்தால், ஓட ஓட அது நசுங்கும், பிடியும் தளரும். பின்பு ஒவ்வொரு சுற்றிலும் தட்டு சற்றே அசையும். ஓட்டை முட்டை வடிவில் தேயும். கடைசியில் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முறியும்.

நெல் விவசாயிக்கு இந்த அபாயம் கூடுதல். சேறடிக்கும் பருவத்தில் டயரைக் கழற்றிவிட்டுக் கேஜ் வீல் மாட்டுவதும், உழவு முடிந்ததும் வயலோரத்திலேயே மீண்டும் டயரை மாட்டுவதும் வழக்கம். அவசரத்தில் சேற்றைத் துடைப்பதில்லை. மாட்டிய அன்று இறுகியதாகத் தெரியும் நட்டு, இரண்டு மூன்று நடை ஓடியதும் தளர்ந்திருக்கும். பஞ்சர் ஒட்டிய சக்கரத்துக்கும் இதே கதைதான்.

கவனிக்க வேண்டியவை

சாலையில் ஏறும் முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தாலும், நட்டைச் சுற்றிப் பளபளவென்று வளையம் தெரிந்தாலும் அது தளர்ந்ததற்கு அடையாளம். பிறகு ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துச் சோதிக்க வேண்டும். டிராக்டரின் பின் சக்கரத்தில் ஹப் நட்டுகளோடு, தட்டையும் ரிம்மையும் இணைக்கும் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். இவற்றை அநேகர் மறந்துவிடுகிறார்கள். டிரெய்லர் கொக்கியின் பின்னையும் அதன் பூட்டையும் கூடவே பார்த்துவிடலாம்.

சக்கரம் மாட்டும்போது இரு முகங்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். கூம்பு நட்டானால் கூம்புப் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வரிசையாக முறுக்காமல், ஒன்றை முறுக்கியபின் அதற்கு எதிரே உள்ளதை என்று மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். முதல் நடை முடிந்ததும் ஒரு தடவையும், அன்று மாலை மறுபடியும் சோதித்தல் நலம்.

ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி மிதித்தால் பலம் என்று நினைப்பது தவறு. அளவுக்கு மேல் நீண்ட போல்ட் உள்ளுக்குள் பலமிழந்து பின்னொரு நாள் முறியும். மரையில் எண்ணெய் பூசுவதும் இதே கெடுதலைச் செய்யும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது டிராக்டருடன் தரப்படும் கையேட்டில் இருக்கிறது. ஒரு போல்ட் முறிந்திருந்தால் மற்றவை தாங்கும் என்று லோடு ஏற்றக்கூடாது. அதன் பாரத்தைச் சுமந்த பக்கத்துப் போல்ட்டுகளும் பழுதடைந்திருக்கும்; அவற்றையும் சேர்த்து மாற்றுவதே முறை.

யார் பொறுப்பு?

டிரைவர்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குவது நியாயமல்ல. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், அவர் நடையைத்தான் எண்ணுவார், நட்டை எண்ணமாட்டார். சரியான ஸ்பேனரும் பத்து நிமிட அவகாசமும் கொடுப்பது உடைமையாளரின் கடமை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி, சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியக்கூடிய ஆபத்தான குறையுள்ள வண்டியை ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளியே. அதனால் விபத்து நேர்ந்தால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணம் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. 1990-களில் லாரிச் சக்கரங்கள் கழன்று பாய்ந்து சாலையில் சென்றவர்கள் இறந்ததையடுத்து, 1997-ல் அங்கே சட்டம் வந்தது. சரக்கு வண்டியின் சக்கரம் கழன்றாலே குற்றம். கவனமாகத்தான் இருந்தோம் என்ற வாதம் செல்லாது. அபராதம் 50,000 டாலர் வரை. ஏழை விவசாயிக்கு இங்கே அப்படியொரு தண்டனை தேவையில்லை. ஆனால் சக்கரம் கழலுவது விதியல்ல, கவனக்குறைவின் விளைவு என்று அந்த மாகாணம் கண்டுகொண்டதை இங்கும் ஏற்கவேண்டும்.

தண்டனையைவிட வசதி செய்து தருவதே இங்கு பயன் தரும். கார் தொழிற்சாலையில் சக்கர நட்டை அளவு பார்த்துத்தான் முறுக்குகிறார்கள். அதன் மதிலுக்கு வெளியே போகும் டிரெய்லரின் நட்டைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கந்தோறும் வாங்கி வைத்தால் ஊர் முழுவதும் பயன்படுத்தலாம். சொர்ணவாரி, சம்பா, நவரை அறுவடைகளுக்கு முன்னால் வேளாண்மைப் பொறியியல் துறை ஊர் ஊராகச் சோதனை முகாம் நடத்தலாம். தொழிற்சாலைகள் தங்கள் மெக்கானிக்குகளை அதற்கு ஒரு நாள் அனுப்பினால், சாலையைப் பயன்படுத்தும் அவர்களுடைய தொழிலாளர்களுக்கும் அது பாதுகாப்பே. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தலாம்.

இவையெல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நட்டின்மீதும் சக்கரத் தட்டின்மீதும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், நட்டு சிறிது திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கோடு விலகாதிருந்தாலும் ஸ்பேனர் சோதனையை விடக்கூடாது. அரை ரூபாய் பெயின்ட்டும் பத்து நிமிட நேரமும் செலவழிக்க உழவர்கள் தயங்கமாட்டார்கள். அன்றைய வண்டிக்காரரின் கை கடையாணிக்குப் போனதுபோல, சாவியைத் திருப்பும் முன் இன்றைய டிரைவரின் கை நட்டுக்குப் போகவேண்டும்.