அப்புறம் என்ன ஆச்சு, அக்கா?

போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாம். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் முப்பது பிள்ளைகள். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஓடவிட்டாள். பைக்கில் வந்த இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அங்கேயே நிறுத்தி, "இது எந்த ஊரு?" என்றாள். ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி மட்டும், "அப்புறம் என்ன ஆச்சு, அக்கா?" என்று கேட்டாள்.

மாணவி மீதியையும் காட்டினாள். பைக் திரும்பி வருகிறது; பிள்ளையை இறக்கிவிட்டு ஓர் அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். வாலை வெட்டிவிட்டுத்தான் 2018-இல் இந்தியா முழுக்கச் சுற்றவிட்டார்கள். அதே ஆண்டு மே 9 அன்று, போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அப்போது அங்கன்வாடி வயது.

வாத்தியார் நான் சொன்னால் தலையாட்டுவார்கள். அக்கா, அண்ணன்களிடம்தான் அம்மாவின் செல்போனை நீட்டி, "இது நிஜமா பாருங்க" என்கிறார்கள். எங்கள் மாணவர்களும் லேசுப்பட்டவர்களல்ல. கலெக்டர் பெயரில் வந்த 'நாளை விடுமுறை' போலிப் படத்தை நம்பி வீட்டில் தூங்கியவன்தான், அதையே காட்டி, தேதி எங்கே, யார் அனுப்பினது என்று பாடம் நடத்தினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் ஒரு பையன் முகம் தொங்க வந்தான். அப்பாவுக்கு வந்த ஃபார்வர்டு பொய் என்று சொன்னானாம், "எனக்கே சொல்லித்தரியா?" என்று முதுகில் ஒன்று விழுந்ததாம். மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். என்னிடமும் பதில் இல்லை. ஏழாம் நாள் பேனரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறியபோது அவன் முகம்தான் உறுத்தியது.

என்.எஸ்.எஸ். மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேர சேவை உண்டு. எங்களிடம் அதில் பெரும்பகுதி மரக்கன்று நட்டுப் போட்டோ எடுப்பதில் போகிறது. (போன வருடக் குழியிலேயே இந்த வருடமும் நட்டோம்.) மாதம் இரண்டு மணி நேரம், அதே மாணவர்கள், அதே ஊருக்குப் போகட்டும், அந்தப் பையனின் அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். கல்லூரி முதல்வர்களே, பஸ் செலவுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள்.