பிள்ளைகளிடம் நாம் கற்க வேண்டிய பாடம்



தந்தைக்கே மந்திரப் பொருளை உரைத்தமையால் முருகப் பெருமான் 'தகப்பன்சாமி' என்னும் பெயர் பெற்றார். ஆண்டுதோறும் தைப்பூசத்தில் காவடி எடுக்கும் நாம், அக்கதையில் மகனின் அறிவை வியக்கிறோம். ஆனால், பிள்ளையின் முன் செவி சாய்த்துக் கேட்ட தந்தையின் பெருந்தன்மையை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பைப் பாருங்கள். வீட்டில் தமிழே பேசி வளர்ந்த குழந்தை, தமிழோடு மலாயையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குகிறது. தவறாகச் சொல்கிறது, வகுப்பே சிரிக்கிறது. மறுநாள் அக்குழந்தைதான் முதலில் கையை உயர்த்துகிறது. ஆறாண்டுகள் கழிந்ததும், மலாய் மொழியில் பாடம் நடைபெறும் இடைநிலைப் பள்ளிக்கு விடியுமுன் பேருந்தேறிச் செல்கிறது. அப்பிள்ளைக்கு உள்ள துணிவு, நாற்பது வயதைக் கடந்த நமக்கு உண்டா?

இடைநிலைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்கு அழைப்பு வந்தால், "அங்கே மலாயில் பேசுவார்களே" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். வங்கியில் ஒரு படிவத்தை நிரப்ப யாரையேனும் துணைக்குத் தேடுகிறோம். பேசத் தெரியாமையினும், தவறாகப் பேசிவிடுவோமோ என்னும் கூச்சமே நம்மைத் தடுக்கிறது.

இவ்வச்சம் பிறவிக் குணமன்று. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்றது. வீடு, கடை, கோயில், பள்ளி யாவும் தோட்டத்திற்குள்ளேயே அமைந்தன. படிவம் என்றால் கிராணி. வழக்கு என்றால் கங்காணி. வெளியுலகை நாட வேண்டிய தேவையே நம் முன்னோர்க்குக் குறைவு. அவ்வேலி அவர்களுக்குக் காவலாகவும் இருந்தது; தளையாகவும் இருந்தது. இன்றோ ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வேலி போய்விட்டது, அச்சம் மட்டும் போகவில்லை.

பெற்றோரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கரும்பலகையையே நம்பி வாழ்ந்த ஆசிரியர்களாகிய நாமும் திகைத்தோம். கைப்பேசி வழியே பாடம் நடத்தத் தடுமாறிய வேளையில், "ஐயா, உங்கள் குரல் கேட்கவில்லை, அந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று வழி காட்டியவர்கள் நம் மாணவர்களே. அன்று நாணினோம், ஆயினும் கற்றுக்கொண்டோம். அதனால் நம் மதிப்புச் சிறிதும் குறைந்துவிடவில்லை.

நம் தயக்கம் நம்மோடு நின்றால் கேடு சிறிது. அது பிள்ளையின் வழியையும் மறிக்கிறது. உயர்கல்விக்கு இடம் கிடைத்தும், "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்று கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்த பெற்றோரை நாம் அறிவோம். மீண்டும் அவ்வாய்ப்பு அப்பெண்ணின் வாயிலுக்கு வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுங்கள் என்று கூற வரவில்லை. பிள்ளையின் நலம் கருதுவது பெற்றோரின் கடமை. ஆகவே, மகளுடன் சென்று அக்கல்லூரியைப் பாருங்கள், விடுதியைப் பாருங்கள், பொறுப்பாளரிடம் தெரிந்த மொழியில் கேளுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள். போய்ப் பாராமலே மறுப்பது எச்சரிக்கையன்று, அச்சமே ஆகும்.

இன்றே தொடங்குவோம். அடுத்த படிவத்தை, பிள்ளையை அருகில் அமர்த்தி, நம் கையாலேயே நிரப்புவோம். அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வியேனும் கேட்போம். பிழை நேர்ந்தால் பிள்ளை திருத்தட்டும். தவறு செய்ய அஞ்சாத பெற்றோரைக் காணும் பிள்ளை, தானும் எங்குச் செல்லவும் அஞ்சாது.

கற்போம், நம் பிள்ளைகளோடு சேர்ந்தே கற்போம். வாழ்க நம் பள்ளி! வளர்க நம் சமுதாயம்!