லண்டனில் பார்க்க வேண்டிய வாசல்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கிலிருந்து லண்டனுக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகள் அரண்மனையையும் மணிக்கூண்டையும் தாராளமாகப் பார்க்கட்டும். நெடுங்காலம் தேயிலை வணிகம் கோலோச்சிய மின்சிங் லேனிலும் ஒரு நடை நடக்க வேண்டும். லண்டன் தேயிலை ஏலம் 1998இல்தான் நின்றது. ஸ்ட்ராண்டு வீதியில் 1706 முதல் இருக்கும் ட்வைனிங்ஸ் கடையின் வாசலை அண்ணாந்து பாருங்கள்: பொன்னிறச் சிங்கம், இருபுறமும் இரண்டு சீனர் சிலைகள். சீனத் தேயிலைக்கு அந்த மரியாதையாவது கிடைத்தது. கேமரன் மலையில் 1929இல் தோட்டம் போட்ட போ (BOH) தேயிலை நிறுவனத்தின் பெயர் நாடறியும். பனியில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்று, கூடை சுமந்து கொழுந்து பறித்த நம் பாட்டிமாரின் பெயர்களை யார் அறிவார்? அவற்றைப் பிரிஞ்சாங்கில் ஒரு காட்சியகம் அமைத்து நாம்தான் எழுதிவைக்க வேண்டும், கேட்டால் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே.