மலையின் கருமண்

நுழையும்முன்

மண் என்றதும் வயலை நினைக்கிறோம். காடு என்றதும் மரத்தை நினைக்கிறோம். மலையுச்சியில் பரந்து கிடக்கும் புல்வெளியும் அதன் அடியில் உறங்கும் கரிய மண்ணும் நம் நினைவுக்கு வருவதில்லை. மரம் நடுவது எவ்விடத்தும் நன்மையே என்னும் நம்பிக்கையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

சமவெளியிலிருந்து ஒரு வினா

மதுரையின் தென்பகுதியில் அமைந்த வில்லாபுரம் சமவெளி நிலம். வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் இவ்வூரில் மண்ணைக் காண விரும்புவோர், யாரேனும் புதுவீட்டுக்கு அடித்தளம் தோண்டும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். தண்ணீருக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. குழாயைத் திறந்தால் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வைகை அணையிலிருந்து என்று இவ்வூர்ப் பிள்ளைகள் தயங்காமல் சொல்வர். அணைக்கு எங்கிருந்து வருகிறது என்று அடுத்துக் கேட்டால், மழையிலிருந்து என்பர்.

அந்த விடை தவறன்று. ஆனால் முழுமையானதும் அன்று. மழை சில வாரங்களே பெய்கிறது. ஆற்றில் நீர் அதன் பின்னும் பல வாரங்கள் ஓட வேண்டியுள்ளது. இடைப்பட்ட காலத்தில் நீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவது எது? 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணைக்கு வருசநாட்டு மலைகளும் முல்லைப் பெரியாறும் நீர் தருகின்றன. பழனிமலையின் தென்சரிவில் பிறக்கும் வராகநதியும் மஞ்சளாறும் வைகையோடு கலக்கின்றன. ஆகவே மனிதர் கட்டிய அணைக்கு மேலே, மனிதர் கட்டாத அணை ஒன்று இருக்கிறது. அதுதான் மலைமண். அந்த மண்ணை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதும், அதனால் நல்லெண்ணத்தோடே அதற்குத் தீங்கு செய்து வருகிறோம் என்பதும் என் கருத்து.

எரிமலை இல்லாத சாம்பல் மண்

எரிமலைச் சாம்பல் படிந்த நிலங்களில் ஒரு தனித்தன்மையான மண் உருவாகிறது. மண்ணியலார் அதனை ‘ஆண்டோசால்’ என்பர். கரிய மண் என்னும் பொருள்தரும் சப்பானியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே இவ்வகை மண். சரளைக்கற்கள் கலந்திருந்தாலும் கையில் எடுத்தால் பஞ்சுபோல் இலேசாக இருக்கும். சாதாரண மண்ணில் ஒரு கன சென்டிமீட்டர் ஒன்றேகால் கிராம் அளவில் எடையிருக்கும். இதிலோ ஒரு கிராமுக்கும் குறைவு. எஞ்சிய இடமெல்லாம் நுண்துளைகள். அத்துளைகளில் நீர் தங்குகிறது. மட்கு சிதையாமல் நெடுங்காலம் நிலைக்கிறது. உலகின் பல மலைநாடுகளில் கால்நடை மேயும் புல்வெளிகள் இத்தகைய மண்ணின்மீதே விரிந்துள்ளன.

தமிழ்நாட்டில் எரிமலை இல்லை. நீலகிரி, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைமையுடைய சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறையால் ஆனது. எனினும் அம்மலையின் உயர்ந்த பகுதிகளை ஆராய்ந்த பிரெஞ்சு மண்ணியலார், எரிமலை மண்ணுக்குரிய பண்புகளை அங்குள்ள மண்ணில் கண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சாம்பல் ஒரு பிடியும் இல்லாத இடத்தில் சாம்பல் மண்ணின் குணம் எவ்வாறு வந்தது?

மழையாலும் காலத்தாலும் பாறை சிதைந்து, அதிலிருந்து அலுமினியமும் இரும்பும் மண்ணில் மிகுந்தன. மேலே வளர்ந்த தாவரங்கள் ஆண்டுதோறும் வேரும் தாளுமாக மட்கை அளித்தன. மலையின் குளிர்ச்சி அம்மட்கை விரைந்து சிதையவிடவில்லை. மட்கும் உலோகங்களும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டன. அப்பிணைப்பே மண்ணைக் கரியதாக்கியது; இலேசாக்கியது; நீரைத் தேக்கும் கலமாக்கியது. வேறு நாடுகளில் எரிமலை தந்ததை, இங்கே பாறையும் குளிரும் தாவரமும் பல்லாயிரம் ஆண்டு கூடி உழைத்துத் தந்திருக்கின்றன.

தெரியுமா?
ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை வெடித்தபோது எழுந்த சாம்பல் இந்தியா வரை பறந்து வந்து படிந்தது. ஆந்திரப் பிரதேசத்தின் சுவாலாபுரத்தில் அச்சாம்பல் அடுக்கை இன்றும் காணலாம்.

‘தரிசு’ என்னும் பிழை

பள்ளத்தாக்கின் மடிப்புகளில் சோலைக்காடு. அதனைச் சூழ்ந்த மேடுகளில் புல்வெளி. நீலகிரி, பழனிமலை உச்சிகளின் இயல்பான தோற்றம் இதுவே. புல்வெளி என்பது மரங்களை வெட்டியபின் எஞ்சிய மொட்டை நிலம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நீலகிரிச் சதுப்புகளில் படிந்துள்ள தாவர எச்சங்களை ஆராய்ந்த இராமன் சுகுமார் முதலிய அறிஞர்கள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல்லினம் ஓங்கியிருந்ததை 1993ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அப்புல்வெளியை நம்பி எருமை வளர்த்து வாழ்ந்தவர்கள் தோடர்கள். 12ஆம் நூற்றாண்டின் போசளர் கல்வெட்டு ஒன்றிலேயே அவர்களைப் பற்றிய குறிப்பு உண்டு.

ஆங்கிலேயர் இந்நிலத்தைக் கண்டபோது, வரி தராததும் மரம் தராததும் ஆகிய நிலம் தரிசு என்று எழுதிவைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆத்திரேலியாவிலிருந்து சீகை மரமும் தைலமரமும் வந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அக்கண்ணோட்டம் மாறவில்லை. எரிவிறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைகளின் மரக்கூழுக்கும் எனப் புல்மேடுகள் தோட்டங்களாயின. பழனிமலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, 1973ஆம் ஆண்டு தொடங்கி நாற்பதாண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதெனக் கணக்கிட்டது. மரத்தோட்டமும் வேளாண்மையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

அதன் விளைவை உதகமண்டலத்தின் நடுவண் மண்–நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் அளந்தே காட்டினர். கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஒன்றை இயற்கைப் புல்வெளியாக விட்டனர். மற்றொன்றின் பெரும்பகுதியில் 1972ஆம் ஆண்டில் தைலமரம் நட்டனர். முதற்பத்தாண்டில் மரம் நட்ட பகுதியின் ஓடைநீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் அக்குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. மழை இரண்டிலும் ஒன்றே. மேலே நின்ற தாவரம் மட்டுமே வேறு. ஆழ வேரோடிய மரங்கள் மண் சேமித்த நீரைக் குடித்து வானுக்கு அனுப்பிவிட்டன.

மறுப்புகளும் மறுமொழியும்

இதனைக் கேட்போர் சில மறுப்புகளைக் கூறுவர். மரத்தோட்டங்கள் எரிவிறகு தந்ததால் சோலைக்காடுகள் கோடரிக்குத் தப்பின என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. பெருமழையின்போது மரங்கள் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன என்பது இரண்டாவது. அதுவும் மெய்யே. ஆனால் விறகுத் தேவைக்குச் சில மேடுகள் போதும், மலைமுழுவதும் தேவையில்லை. வெள்ளத்தைத் தணிக்கும் பணியை, மேய்ந்து மொட்டையாகாத புல்லும் செய்கிறது. அதோடு கோடைக்கும் நீரை மிச்சம் வைக்கிறது.

மூன்றாவது மறுப்பு கடினமானது. புல்வெளியைக் கெடுப்பவை மாடுகளே. அவற்றை விலக்கினாலே போதும் என்பர். அளவு மீறிய மேய்ச்சல் புல்லின் வேரை வலுவிழக்கச் செய்யும். குளம்புகள் பஞ்சுபோன்ற மண்ணை இறுக்கும். இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் சரிவில் ஓடும். மேல்மண் கரைந்தபின் சரளை மட்டும் எஞ்சும். இதனை யாரும் மறுக்க இயலாது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மாடு மேய்ப்பதற்குத் தடை விதித்தது. தேனிப் பகுதியில் மலைமாடு வளர்ப்போரின் வாழ்வு கேள்விக்குறியாயிற்று. அதே மாதத்தில் அத்தடை, புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியதெனத் திருத்தப்பட்டது.

மேய்ச்சலைக் குற்றமென்றோ, வரம்பற்ற உரிமையென்றோ கொள்ளுதல் இரண்டும் பொருந்தா என்பதே என் நிலைப்பாடு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்கிறது. எந்தச் சரிவில், எந்தப் பருவத்தில், எத்தனை மாடுகள், எத்தனை நாள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடைகாண வனத்துறையின் அளவைக்கோலும் வேண்டும். தலைமுறைதோறும் அப்புல்லைப் பார்த்துவந்த கீதாரியின் கண்ணும் வேண்டும். இருவரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசாதவரை, மேய்ச்சலைத் தடுப்பதும் மண்ணைக் காக்காது, அனுமதிப்பதும் காக்காது.

செய்ய வேண்டுவன

எஞ்சியுள்ள மலைப்புல்வெளிகளில் இனி ஒரு மரக்கன்றும் நடலாகாது. பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கோடு 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அவ்விலக்கை எட்டும் அவசரத்தில் புல்மேடுகள் வெற்றிடமாகக் கணக்கிடப்படுமானால், பசுமையைக் கொண்டே பசுமையை அழித்தவர்களாவோம். சாலையோரமும் கண்மாய்க்கரையும் பள்ளி வளாகமும் மரத்துக்குக் காத்திருக்கின்றன, மலைப்புல் காத்திருக்கவில்லை.

பரவிவிட்ட சீகையையும் தைலமரத்தையும் அகற்றுவதிலும் நிதானம் வேண்டும். ஆண்டோசால் மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், பழைய அளவு நீரை மீண்டும் ஏற்பதில்லை. ஒரே நாளில் சரிவை மொட்டையாக்கி வெயிலுக்குத் திறந்துவிடுவது, நோயைத் தீர்க்க நோயாளியைக் கொல்வதாகும். சிறுசிறு பகுதிகளாக வெட்டி, உள்ளூர்ப் புல்லை உடனுக்குடன் நட்டு, மீண்டும் முளைக்கும் சீகைக்கன்றுகளை ஆண்டுக்கணக்கில் களைய வேண்டும். அயல்மரங்களின் நிழலில் சோலைக்கன்றுகள் தாமே தழைத்துள்ள இடங்களில் அவற்றை வளரவிடுவதே அறிவுடைமை. அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் கொள்கை வகுத்துள்ளது. அது நிறைவேறும் வேகம், வெட்டிய மரங்களின் எண்ணிக்கையால் அளக்கப்படாமல், மீண்ட புல்லின் பரப்பால் அளக்கப்பட வேண்டும்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரமும் விலங்கும் நீரும் தொழிலும் அவற்றின்மேல் அமையும் கருப்பொருள்கள். நிலத்தின் இயல்பறிந்து கருப்பொருளைப் பேணுவதே முறை. நாம் விரும்பிய மரத்தை நட்டு நிலத்தின் இயல்பை மாற்ற முயன்றது முறைமாறிய செயல்.

வில்லாபுரத்தில் குழாயடியில் குடம் நிறைக்கும் ஒருவர் நீலகிரியையோ பழனிமலையையோ பார்த்திராமல் இருக்கலாம். ஆயினும் மலைச்சரிவில் ஒரு புல்வேர் மழையை நிறுத்தி வைப்பதும், இவ்வூரில் குடம் நிறைவதும் ஒரே தொடரின் இரு முனைகள். பள்ளியில் மரக்கன்று நடும் விழா வரும்போது ஆர்வத்தோடு நடுங்கள். நடுவதற்கு முன், இந்த இடத்தில் இதற்குமுன் வளர்ந்திருந்தது எது என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வியை மலைமீது கேட்பதற்கு ஆளில்லாமல் போனதால்தான் புல்லை இழந்தோம். இனி அதைக் கேட்கும் தலைமுறையாக நீங்கள் இருந்தால், மண்ணையாவது காப்பாற்றலாம்.